ஃபோர்மட் அடிக்க முதல் அந்தப் புள்ளி ஃபோல்டரை ஒருக்கா பாருங்கோ

விண்டோஸ் மாதிரி கொம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ்ல ஒரு ப்ரோக்ராம் திடீரெண்டு குழம்பினா உடன அதை அன்இன்ஸ்டோல் பண்ணிப்போட்டு திருப்பிப் போட்டா சரிவந்திடும் எண்டுதான் எங்கட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் நினைக்கினம். அது அநேகமா சரிவராது. நீங்க பத்துத்தரம் அழிச்சுப் போட்டாலும் அதே பிழை அதே இடத்தில வந்து நிக்கும், ஏனெண்டா ப்ரோக்ராம் இருக்கிற இடம் வேற, நீங்க அதில செய்த மாத்தங்களை அது எழுதி வைக்கிற இடம் வேற. ப்ரோக்ராம் சிஸ்டத்துக்க இருக்கு, உங்கட செட்டிங் எல்லாம் உங்கட பேரில இருக்கிற ஹோம் ஃபோல்டருக்க கண்ணுக்குத் தெரியாம இருக்கு. அப்ட் எண்ட, ப்ரோக்ராம்களைப் போடவும் எடுக்கவும் இருக்கிற பெக்கேஜ் மனேஜர்ல பர்ஜ் எண்டு குடுத்துத் துடைச்சாலும் அது சிஸ்டம் பக்கத்தில இருக்கிற கொன்ஃபிக் எண்ட செட்டிங் பைலைத்தான் எடுக்கும், உங்கட ஹோமுக்குள்ள கை வைக்கவே வைக்காது. வாடகை வீட்டுக்கு வெளியால பெயின்ட் அடிச்சா உள்ளுக்க இருக்கிற ஆக்களின்ட சாமான் அப்பிடியே கிடக்கும்தானே, ரீஇன்ஸ்டோல் பண்ணுறதும் அப்பிடித்தான்.

இதை இப்ப எழுதவேண்டி வந்தது எங்கட அக்கா ஒராளின்ட லப்டொப்பால. பெரியம்மாட மகள், வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில இருக்கிறா, வீட்டில இருந்து டைப்செட்டிங் வேலை செய்யிறா. சாமத்திய வீட்டுக் கார்ட், கலியாண கார்ட் எல்லாம் வரும், ஆனா கூட வாறது கல்வெட்டு. ஊருக்கு வெளியால இருக்கிற ஆக்களுக்கு விளங்காட்டிச் சொல்லுறன், ஒராள் செத்து 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம், அதில அவரின்ட வாழ்க்கை வரலாறு, வம்சவழி, தேவாரம் திருவாசகம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின்ட பேர் எண்டு எல்லாம் இருக்கும். மற்ற வேலை எதையும் ஒரு கிழமை தள்ளிக் குடுக்கலாம், கல்வெட்டைத் தள்ள ஏலாது. 31ஆம் நாள் எண்டா 31ஆம் நாள்தான், அதுக்கு முதல் ப்ரெஸ்ஸுக்குப் போகோணும், அச்சடிச்சு மடிச்சுக் கட்டி வரோணும்.

அக்காட லப்டொப் பழசு. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட அப்டேட் நிண்டுது, அந்த மெஷின் 11ஐ ஏற்காது, புதுசு வாங்கிறதெண்டா 2022ல இலங்கையில டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறின காலத்தோட லப்டொப் விலையைக் கேக்கவே ஏலாமப் போச்சு. அதால லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டு, எம்எஸ் ஒஃபிஸ் மாதிரி இருக்கிற லிப்ரெஒஃபிஸ்ல வேலை செய்யிறா. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, அதை நான் அழுத்திச் சொல்லுறன், பழைய மெஷின்ல தமிழ் டைப்செட்டிங் செய்யிற ஆக்களுக்கு இது உண்மையிலயே காணும்.

பிறகு ஒருநாள் லிப்ரெஒஃபிஸ்ல எழுதுற ப்ரோக்ராமான ரைட்டரைத் திறந்தா லோகோ வருது, ஜன்னல் ஒருக்கா எட்டிப் பாக்குது, மறைஞ்சு போகுது. பிழைச் செய்தி ஒண்டுமில்லை. எந்த பைலை டபிள் கிளிக் பண்ணினாலும் அதே கதை. அக்கா ஃபோன் எடுத்து "தம்பி, கல்வெட்டு பாதியில நிக்குது, அந்தாக்கள் பின்னேரம் ப்ரூஃப் பாக்க வருகினம், லிப்ரெஒஃபிஸை அழிச்சுப் போட்டுத் திருப்பியும் போட்டுட்டன், அப்பிடியேதான் நிக்குது" எண்டா. பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில காட்டினவவாம், அங்க இருந்த பெடியன் டொகியுமென்ட்ஸை பென் ட்ரைவ்ல எடுத்து வைச்சிட்டு முழுசா ஃபோர்மட் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறான். "குடுக்கவேண்டாம் அக்கா, மெஷினைக் கொண்டு வீட்ட வாங்கோ, நானும் வாறன்" எண்டு சொன்னன்.

இந்த "டொகியுமென்ட்ஸை பென்ல எடுத்து வைச்சிட்டு ஃபோர்மட்" எண்ட பேச்சு எனக்கு வயித்தைக் கலக்கும். டொகியுமென்ட்ஸ், டெஸ்க்டொப், பிக்சர்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அதால கொப்பி பண்ணுவினம். கண்ணுக்குத் தெரியாததை ஆர் கொப்பி பண்ணுறது? அக்கா வருஷக்கணக்கா உழைச்சுச் சேர்த்த ஒரு சாமான் அந்தத் தெரியாத இடத்தில இருந்தது, அவவுக்கே அது அங்க இருக்கெண்டு தெரியாது, அதைப் பிறகு சொல்லுறன்.

முதல் வேலை, பிழை ப்ரோக்ராம்லயா இல்லாட்டி செட்டிங்லயா எண்டு பிரிச்சுப் பாக்கிறது. இதுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கு, கட்டளை அடிக்கிற டேர்மினல் ஒண்டும் தேவையில்லை. மின்ட்ல யூசர்ஸ் அன்ட் குரூப்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, அதில புதுசா ஒரு யூசரை உண்டாக்கி, லொக்அவுட் பண்ணி, அந்தப் புது ஆளாப் போய் அதே ப்ரோக்ராமைத் திறந்து பாக்கிறது. புது யூசருக்கு ஹோம் வெறுமையா இருக்கும், பழைய செட்டிங் ஒண்டும் வராது. அங்க ஒழுங்கா வேலை செய்தா ப்ரோக்ராம்ல குறையில்லை, உங்கட ஹோமுக்குள்ளதான் எங்கயோ குழப்பம். அங்கயும் அதே பிழை வந்தா அப்பதான் ரீஇன்ஸ்டோல், அப்டேட், க்ரஃபிக்ஸ் ட்ரைவர் எண்டு மற்றப் பக்கம் போகவேணும். அக்காட மெஷின்ல புது யூசர்ல ரைட்டர் படக்கெண்டு திறந்துது. அந்த இடத்திலயே ஃபோர்மட் எண்ட கதை முடிஞ்சுது.

திருப்பி அக்காட எக்கவுன்ட்டுக்கு வந்து, பைல் மனேஜர்ல ஹோமைத் திறந்து கொன்ட்ரோல் கீயையும் எச் கீயையும் சேர்த்து அமத்தினன். அதுவரைக்கும் ஏழெட்டு ஃபோல்டர் இருந்த இடத்தில மங்கல் நிறத்தில ஒரு கூட்டம் வந்து நிண்டுது, எல்லாத்துக்கும் பேருக்கு முன்னால ஒரு புள்ளி. அக்கா பயந்து போனா, வைரஸோ எண்டு கேட்டா. வைரஸ் இல்லை, லினக்ஸ்ல பேர் புள்ளியில தொடங்கினா மறைவு, அவ்வளவுதான். மறைக்கிறதுக்கு வேற பூட்டோ சாவியோ இல்லை. இந்த வழக்கம் ஆரும் யோசிச்சுப் போட்ட திட்டமும் இல்லை, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் தொடங்கின காலத்தில ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி எண்டு ரெண்டு பதிவு வந்தது, ஒண்டு இந்த ஃபோல்டர், மற்றது மேல் ஃபோல்டர். லிஸ்ட் எடுக்கேக்க அது ரெண்டும் வந்து இடைஞ்சல் குடுக்குது எண்டு யுனிக்ஸை உண்டாக்கின கென் தொம்ப்சனோ டெனிஸ் ரிச்சியோ முதல் எழுத்து புள்ளியா இருந்தா காட்டாதே எண்டு ஒரு வரி எழுதிவிட்டினமாம். அந்த ஒரு வரியால புள்ளியில தொடங்கின எல்லாமே மறைஞ்சு போச்சு, பிறகு ப்ரோக்ராம் எழுதுற ஆக்கள் எல்லாரும் தங்கட செட்டிங்கை அங்க ஒளிச்சு வைக்கத் தொடங்கிட்டினம். அவையோட வேலை செய்த ரொப் பைக் 2012ல இதை எழுதியிருந்தவர், அவர் அதை ஒரு பிழையாத்தான் பாக்கிறார். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் போகுது, ஏனெண்டா தன்ட சொந்தச் சாமான் எங்க கிடக்கெண்டு தெரியாம ஒராள் கொம்ப்யூட்டர் பாவிக்கிறது நல்லதில்லை.

ஆதியில ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஹோமில தன்ட பாட்டுக்கு ஒரு புள்ளி பைலைப் போட்டுக்கொண்டிருந்தது. 2003ல லினக்ஸ் டெஸ்க்டொப்புகளுக்குப் பொது முறை வகுக்கிற ஃப்ரீடெஸ்க்டொப் ஆக்கள் ஒரு ஒழுங்கு கொண்டு வந்திச்சினம், செட்டிங் எல்லாம் .கொன்ஃபிக், ப்ரோக்ராம் சேர்த்து வைக்கிற தரவு எல்லாம் .லோக்கல் உள்ளுக்க ஷெயார், தற்காலிகக் குப்பை எல்லாம் .கேஷ். இந்த மூண்டையும் ஞாபகம் வைச்சாக் காணும். .கேஷை அழிச்சா பெரிய நட்டமில்லை, ப்ரோக்ராம் திருப்பி உண்டாக்கும், முதல் தரம் திறக்கக் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். மற்ற ரெண்டையும் அப்பிடி நினைக்க வேண்டாம். ஃப்ளட்பக், ஸ்னப் எண்டு ப்ரோக்ராம் போடுற வேற வழிகளும் இருக்கு; ஃப்ளட்பக்கா போட்ட ப்ரோக்ராம் எண்டா இடம் மாறும், .வார் எண்ட ஃபோல்டருக்க ஆப் எண்டு இருக்கும், அதுக்க ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு அறை. ஸ்னப் எண்டா ஹோமில ஸ்னப் எண்டே புள்ளி இல்லாம ஒரு ஃபோல்டர் நிக்கும். ஒரே ப்ரோக்ராமை ரெண்டு விதமாப் போட்டு வைச்சிருக்கிற ஆக்கள் பிழையான ஃபோல்டரை மாத்திப்போட்டு ஒண்டும் நடக்கேல்லை எண்டு தவிக்கிறது இதாலதான், ஆகவே எது எந்த வழியால வந்ததெண்டு முதல்ல பாருங்கோ.

அக்காட மெஷின்ல .கொன்ஃபிக் திறந்து, லிப்ரெஒஃபிஸ், அதுக்குள்ள 4, அதுக்குள்ள யூசர். இந்த 4ஐப் பாத்து வேர்ஷன் பழசோ எண்டு யோசிக்க வேண்டாம், 4ஆம் வேர்ஷன்ல வைச்ச பேர் 7, 24 எண்டு வந்த பிறகும் அப்பிடியே இருக்கு. யூசருக்குள்ள ரெஜிஸ்ட்ரிமொடிஃபிகேஷன்ஸ் எண்டு ஒரு எக்ஸ்சீயூ பைல் இருக்கும், நீங்க ஒப்ஷன்ஸ்ல மாத்தின ஒவ்வொண்டும், டூல்பார் எங்க நிக்குது, கடைசியா என்னென்ன பைல் திறந்தது, எல்லாம் அதிலதான். சும்மா டெக்ஸ்ட்தான், டெக்ஸ்ட் எடிட்டர்ல திறக்கலாம். நாங்க திறந்து கீழ போய்ப் பாத்தா கடைசி வரி நடுவில அறுந்து நிக்குது. ஒவ்வொரு வரியும் ஐட்டம் எண்டு தொடங்கி ஐட்டம் எண்டு மூடோணும், அது ஒரு சொல்லின்ட அரைவாசியோட நிண்டுது, பைலை மொத்தமா மூடுற வரியும் இல்லை.

காரணம் கேக்கத்தான் விளங்கிச்சுது. அந்த லப்டொப்பின்ட பற்றறி செத்து கனகாலம், அடப்டர் வயர்லதான் ஓடுது, வயர் இழுபட்டா மெஷின் ஒரேயடியா நிக்கும். ப்ரோக்ராம் செட்டிங்கை எழுதிக்கொண்டிருக்கிற அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனா பைல் பாதியில அறும், சிலவேளை பைல் வெறுமையாப் போகும், சைஸ் பூச்சியம் எண்டு காட்டும். 2022ல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின அந்த மார்ச் கடைசியை நினைச்சா, அப்ப பற்றறி இல்லாத எத்தினை மெஷின்ல இப்பிடி நடந்திருக்கும் எண்டு யோசிக்க வருது. இன்னொரு காரணமும் இருக்கு, டிஸ்க் நிரம்பிப் போனாலும் எழுத இடமில்லாம இதே மாதிரி ஆகும், அதால குழப்பம் வந்தா இடம் எவ்வளவு மிச்சமெண்டும் ஒருக்கா பாக்கிறது நல்லது.

இனி முக்கியமான விஷயம். அழிக்க வேண்டாம், பேரை மாத்துங்கோ. யூசர் எண்ட ஃபோல்டரை "யூசர்-பழசு" எண்டு மாத்திப்போட்டு ப்ரோக்ராமைத் திறந்தா அது தன்ட ஃபோல்டரைத் தேடும், காணாது, உடன புதுசா ஒண்டை முதல்நாள் நிலையில உண்டாக்கும். பழசு பக்கத்தில பத்திரமா நிக்கும். சரிவரேல்லை எண்டா புதுசை எடுத்துப்போட்டு பழசின்ட பேரைத் திருப்பி வைச்சா முந்தி இருந்த இடத்துக்கே வந்திடலாம். இதைச் செய்யமுதல் ப்ரோக்ராமை முழுசா மூடியிருக்கோணும், இதில விட்டுக்குடுக்கக் கூடாது. ஜன்னலை மூடினாலும் பின்னால ஓடிக்கொண்டிருக்கும், நீங்க பேரை மாத்தினாப் பிறகு அது தன்ட பழைய குழப்பத்தைத் திருப்பி எழுதிவிடும். லிப்ரெஒஃபிஸ் எண்டா சிஸ்டம் மொனிட்டர்ல சொஃபிஸ் எண்டு ஏதும் நிக்குதோ எண்டு பாத்து அதை நிப்பாட்டிப்போட்டுத் தொடங்குங்கோ.

பேரை மாத்தித் திறந்தன், ரைட்டர் வந்துது. அக்காவுக்கு முகத்தில இரத்தம் திரும்பினது. ஆனா பாதிக் கல்வெட்டைத் திறந்த உடன "ஐயோ" எண்டா, பக்கமெல்லாம் சிவப்புக் கோடு.

அந்த மறைஞ்ச சாமான் எண்டு சொன்னது இதைத்தான். அக்கா தமிழ் ஸ்பெல்செக் போட்டிருக்கிறா. அந்த அகராதிக்கு எங்கட ஊர்ப் பேர்களில பெரும்பாலானது தெரியாது, ஆக்களின்ட பேர் தெரியாது, கிரியைச் சொற்கள் தெரியாது. வேலை செய்யச் செய்ய ரைட் கிளிக் பண்ணி அகராதியில சேர், அகராதியில சேர் எண்டு சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறா. அது எல்லாம் யூசருக்குள்ள வேர்ட்புக் எண்ட ஃபோல்டர்ல ஸ்டன்டர்ட் டொட் டிக் எண்ட பைல்ல இருக்கு. பழசுக்க போய் அதைத் திறந்து காட்டினன், மேல நாலு வரி தலைப்பு, கீழ வரிக்கு ஒரு சொல். கோண்டாவில், உரும்பிராய், புங்குடுதீவு, சபிண்டீகரணம், அந்தியேட்டி, பிறகு ஒரு பாட்டு ஆக்களின்ட பேர், தாத்தா காலத்துப் பேர்கள், இப்ப ஒருத்தரும் பிள்ளைக்கு வைக்காத பேர்கள், ஸ்க்ரோல் பண்ணப் பண்ணப் போய்க்கொண்டே இருக்குது. அக்கா தான் செய்த கல்வெட்டுகளை அதிலயே அடையாளம் கண்டா, இது இன்னார்ட அப்பா, இது அந்த மானிப்பாய் ரீச்சர் எண்டு. கொழும்பில ஒரு வீட்டில இருந்து ஒரு மனுசி சேர்த்த ஈழத்து ஊர்ப் பேர் அகராதி அது. கடையில ஃபோர்மட் அடிச்சிருந்தா டொகியுமென்ட்ஸ் பென்ல வந்திருக்கும், இது வந்திருக்காது, எங்கட பேரையெல்லாம் திருப்பியும் சிவப்புக் கோட்டோடதான் அந்த மெஷின் பாத்திருக்கும். அதாலதான் பேரை மாத்துங்கோ, அழிக்காதேங்கோ எண்டு இப்பிடித் தொண்டை கிழியச் சொல்லுறன்.

திருப்பிக் கொண்டு வாறதையும் மொத்தமாச் செய்யக்கூடாது. ப்ரோக்ராமை மூடிப்போட்டு வேர்ட்புக்கை மட்டும் பழசில இருந்து புதுசுக்குக் கொப்பி பண்ணினன், திறந்து பாத்தன், சிவப்புக் கோடு போச்சு. பிறகு ஒட்டோகரெக்ட் இருக்கிற ஃபோல்டர், அதில அக்கா சுருக்கெழுத்து போட்டு வைச்சிருக்கிறா, ரெண்டெழுத்து அடிச்சா "அன்னாரின் இறுதிக்கிரியைகள்" எண்டு முழுசா வரும். அதுக்குப் பிறகு ஒட்டோடெக்ஸ்ட், டெம்ப்ளேட். ஒவ்வொண்டுக்கும் இடையில ஒருக்கா திறந்து பாத்தன், ஏதும் ஒண்டில குழப்பம் ஒட்டியிருந்தா எதில எண்டு அப்பதான் பிடிபடும். அந்த அறுந்த எக்ஸ்சீயூவை மட்டும் கொண்டு வரேல்லை. அதால போனதெண்டா சில செட்டிங்தான், முக்கியமா தமிழுக்கான எழுத்துரு. லிப்ரெஒஃபிஸ் தமிழை சிக்கல் எழுத்து வகைக்குள்ள வைச்சிருக்கு, இங்கிலீஷுக்கு வைக்கிற ஃபொன்ட் தமிழுக்குப் பிடிக்காது, ஒப்ஷன்ஸ்ல லங்குவேஜ் பக்கம் போய், இந்தச் சிக்கல் எழுத்து வகையின்ட சுருக்கப் பேரான சீடீஎல் எண்ட இடத்தில தமிழைத் தெரிஞ்சு, ரைட்டர் பக்கத்தில சீடீஎல் ஃபொன்ட்டைத் தனிய வைக்கோணும். ஃபொன்ட் மாறிப்போச்சு, வரி நீண்டுபோச்சு எண்டு ரீசெட் பண்ணின பிறகு கத்துற ஆக்களுக்கு விடை அங்கதான் இருக்கு.

ஃபோல்டருக்க கைவைக்கப் பயப்பிடுற ஆக்களுக்கு லிப்ரெஒஃபிஸ் தானே ஒரு வழி வைச்சிருக்கு, ஹெல்ப் மெனுவில சேஃப் மோட்ல திருப்பித் தொடங்கு எண்டு. அதில போனா கடைசியா ஒழுங்கா வேலைசெய்த செட்டிங்குக்குத் திரும்பலாம், எக்ஸ்டென்ஷனை நிப்பாட்டலாம், கடைசி வழியா எல்லாத்தையும் ரீசெட் பண்ணலாம். முழு ப்ரொஃபைலையும் ரீசெட் பண்ணுற அந்தக் கடைசிப் பெட்டியில மட்டும் அவசரப்பட்டுச் சரி போடவேண்டாம், அது வேர்ட்புக்கையும் சேர்த்துக் கொண்டு போகும். அக்காவுக்கு நடந்த மாதிரி மெனு வரைக்குமே போக ஏலாட்டி, டேர்மினல்ல சொஃபிஸ் எண்டு அடிச்சு இடைவெளி விட்டு ரெண்டு கோடு போட்டு சேஃப், ஒரு கோடு, மோட் எண்டு குடுத்தாலும் அதே பெட்டி வரும். எனக்கு ஃபோல்டர் வழிதான் பிடிப்பு, என்ன நடக்குதெண்டு கண்ணால காணலாம்.

மற்ற ப்ரோக்ராம்களும் இதே கணக்குத்தான், ஆனா சிலதில பட்டனே இருக்கு. ஃபயர்ஃபொக்ஸ்ல ஹெல்ப்புக்குள்ள ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கம் போனா ரிஃப்ரெஷ் எண்டு ஒரு பட்டன், அது புக்மார்க், பாஸ்வேர்ட், ஹிஸ்டரியை வைச்சுக்கொண்டு எக்ஸ்டென்ஷனையும் குழம்பின செட்டிங்கையும் எடுத்துவிடும், பழசை டெஸ்க்டொப்ல ஒரு ஃபோல்டராப் போட்டும் தரும், நல்ல மரியாதையான ரீசெட் அது. படம் பாக்கிற வீஎல்சீயில ப்ரெஃபரன்ஸ் ஜன்னலின்ட அடியில ரீசெட் இருக்கு, சப்டைட்டில் தமிழ் பெட்டி பெட்டியா வந்து எதையெதையோ மாத்திக் குழப்பி வைச்ச ஆக்களுக்கு அது காணும். படம் திருத்துற கிம்ப்ல ஜன்னலுகள் எங்கயோ ஓடி ஒளிஞ்சா ப்ரெஃபரன்ஸ்ல விண்டோ மனேஜ்மென்ட் எண்ட இடத்தில சேமிச்ச இடங்களை ஆதி நிலைக்குக் கொண்டு வரலாம். ரெண்டாவது மொனிட்டரைக் கழட்டின பிறகு ஒரு ப்ரோக்ராம் திறக்குது ஆனா காணேல்லை எண்டா அநேகமா அது இல்லாத அந்த மொனிட்டர்லதான் போய் நிக்குது, அதுவும் செட்டிங்கில எழுதியிருக்கிற இடம்தான்.

ஒண்டு மட்டும் வேற மாதிரி. சின்னமன், க்னோம் மாதிரி டெஸ்க்டொப்பின்ட செட்டிங் தனித்தனி பைல்ல இல்லை, .கொன்ஃபிக்குக்க டீகொன்ஃப் எண்ட ஃபோல்டர்ல யூசர் எண்டு ஒரே பைல், கூடுதலானது அதுக்குள்ளதான். டெக்ஸ்ட் இல்லை, எடிட்டர்ல திறந்தாலும் விளங்காது. ஒரு சின்னப் பிழைக்காக அதைத் தூக்கினா வால்பேப்பர், கீபோர்ட், பனல் எல்லாம் சேர்ந்து போகும். அதுக்கு டீகொன்ஃப் எடிட்டர் எண்டு ஒண்டை இன்ஸ்டோல் பண்ணி, குழம்பின இடத்தை மட்டும் தேடிப்போய், அந்த ஒரு வரியை ஆதி மதிப்புக்கு விடலாம். மின்ட்ல பனல் மட்டும்தான் குழம்பினதெண்டா பனல்ல ரைட் கிளிக், ட்ரபிள்ஷூட், அதில முதல்ல சின்னமனை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ, அதுக்குக் கீழ இருக்கிற எல்லாத்தையும் ஆதி நிலைக்கு எண்டதை அதுக்குப் பிறகு யோசிக்கலாம். தமிழ் டைப் பண்ணுற ஐபஸும் தன்ட செட்டிங்கை இந்த டீகொன்ஃப்லதான் வைச்சிருக்கு, அந்த பைலைத் தூக்கினா ரெங்கநாதன் கீபோர்ட்டோ தமிழ்99ஓ சேர்த்து வைச்சதும் போயிடும், திருப்பிச் சேர்க்கோணும். வாடிக்கையாளர் முன்னால இருந்துகொண்டு இதைச் செய்யத் தொடங்க வேண்டாம்.

பேரை மாத்தியும் சரிவரேல்லை, செட்டிங் சேவ் ஆகுதே இல்லை எண்டா பைல் ஆற்ற பேரில இருக்கெண்டு பாருங்கோ. நிர்வாகி உரிமை தாற சூடோ எண்ட கட்டளையைப் போட்டு ஒரு ஜன்னல் ப்ரோக்ராமை ஓட்டினா சிலவேளை உங்கட ஹோமுக்குள்ள ரூட் எண்ட நிர்வாகியின்ட பேரில பைல் விழும், பிறகு நீங்க சாதாரணமாத் திறக்கேக்க அதில எழுத உங்களுக்கு உரிமை இருக்காது. லொகின் பண்ணினா திருப்பித் திருப்பி லொகின் பக்கத்துக்கே வாறதுக்கும் சிலவேளை இதுதான் காரணம், .எக்ஸ்ஒதொரிட்டி எண்ட பைல் ரூட்டுக்குப் போயிருக்கும். அங்க ரீசெட் இல்லை, உரிமையை உங்கட பேருக்கு மாத்துறதுதான் வேலை.

பிறகு, புள்ளி போட்டதெல்லாம் செட்டிங் எண்டு நினைச்சுக் கைவைக்க வேண்டாம். .தண்டர்பேர்ட்டுக்குள்ள உங்கட மெயிலே இருக்கு. .எஸ்எஸ்எச், .க்னூபீஜீ ரெண்டிலயும் வேற மெஷினுக்குள்ள போறதுக்கும் பூட்டின தகவலைத் திறக்கிறதுக்குமான சாவிகள், துலைச்சா ஆரும் திருப்பித் தர ஏலாது. .லோக்கல் ஷெயாருக்குள்ள கீரிங்ஸ் எண்டதில பாஸ்வேர்டுகள். டேர்மினலின்ட செட்டிங் பைலான .பாஷ்ஆர்சி குழம்பினா மட்டும் கவலையில்லை, சிஸ்டத்தில ஈடீசீக்குள்ள ஸ்கெல் எண்ட ஃபோல்டர்ல அதின்ட ஆதிப் பிரதி இருக்கு, எடுத்துக் கொப்பி பண்ணலாம், புது யூசருக்கும் அங்க இருந்துதான் போகுது.

அக்காட மெஷின்ல கடைசியா ஒரு வேலை செய்துபோட்டு வந்தன். மின்ட்ல டைம்ஷிஃப்ட் எண்டு இருக்கு, அது சிஸ்டத்தைப் படம்பிடிச்சு வைக்கும், ஆனா ஒண்டும் மாத்தாம விட்டா ஹோமை எடுக்காது, அதால டைம்ஷிஃப்ட் ஓடுது எனக்குப் பயமில்லை எண்டு இருக்கிற ஆக்களின்ட அகராதி அதில இல்லை. செட்டிங்கில யூசர்ஸ் எண்ட இடத்தில ஒவ்வொரு யூசருக்கும் மறைஞ்ச பைலை மட்டும் சேர்க்கிறதுக்கு ஒரு தெரிவு இருக்கு, அதைப் போட்டுவிட்டன். ஆனா ஒண்டு, டைம்ஷிஃப்ட்ல பழசுக்குத் திரும்பினா அந்த மறைஞ்ச பைலுகளும் பழைய திகதிக்கே போகும், இடையில சேர்த்த சொல் போயிடும். அதால வேர்ட்புக்கை மட்டும் தனிய எடுத்து, பேரில புள்ளி இல்லாத ஒரு ஃபோல்டர்ல, டொகியுமென்ட்ஸுக்குள்ள, அக்காட கண்ணுக்குத் தெரியிற இடத்தில வைச்சிருக்கு, மாசத்துக்கு ஒருக்கா புதுசைக் கொப்பி பண்ணி பென்லயும் போடுறதெண்டு கதைச்சிருக்கிறம். "யூசர்-பழசு" இன்னும் அங்கதான் நிக்குது, அடுத்த கல்வெட்டும் பிசகில்லாமப் போனாப் பிறகு அதை எடுக்கலாம்.